வடக்கே திரும்பும் சிறு பறவைகளைக் கொழும்பில் இனங்காணும் முறை

கொழும்புக்கு வசந்தகாலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆயினும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் தோட்டங்களில் தங்கியிருந்த வலசைப் பறவைகள் இமயமலை அடிவாரத்துக்கும் அதற்கும் அப்பால் சைபீரியா வரைக்கும் புறப்படத் தொடங்குகின்றன. நீண்ட பறப்புக்கான கொழுப்பை உடலில் சேர்ப்பதற்காக அவை அந்நாட்களில் மும்முரமாக இரை தேடுவதால், பொறுமையாக நிற்பவரின் கண்ணில் படாமல் போவதில்லை.

வந்த பறவையை அறிவதற்குக் குறுக்குவழி, இங்கேயே வாழும் பறவைகளை முதலில் பழகிக்கொள்வதுதான். குண்டுக்கரிச்சான், தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி ஆகியவற்றின் குரல்கள் காதுக்குப் பழகிவிட்டால், அவற்றுள் அடங்காத ஒலி எழும்போது தானாகவே கால் நின்றுவிடும். 8 மடங்கு உருப்பெருக்கும் பைனாகுலர் ஒன்று போதும்; அதற்கு மேற்பட்டது கை நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கும்.

காலை 6 மணி முதல் 8.30 வரை உகந்த நேரம். ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை: பெத்தகான ஈரநிலப் பூங்கா, தியசரு பூங்கா, தலங்கம குளக்கரை. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு விஹாரமகாதேவி பூங்காவின் பெருமரங்களும், வெள்ளவத்தை ஒழுங்கைகளில் எஞ்சியுள்ள பலாமரங்களும் உண்டு. நடந்துகொண்டே தேடுவதைவிட ஒரே மரத்தடியில் கால் மணி நேரம் நிற்பது அதிகப் பலன் தரும் என்பது என் துணிபு.

நிறத்தைவிட நடத்தையைக் கவனிக்க வேண்டும். தாழ்ந்த கிளையில் நிமிர்ந்து அமர்ந்து, பூச்சியொன்றைப் பிடிக்கப் பாய்ந்து, மீண்டும் அதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ திரும்பும் சிறு பறவை பெரும்பாலும் ஈப்பிடிப்பானாகவே இருக்கும். பெரிய கரிய கண்ணைச் சுற்றி வெண்வளையம் தெரிந்தால், அடுத்ததாகக் காலைப் பார்க்க வேண்டும்: கருமையாக இருந்தால் பழுப்பு ஈப்பிடிப்பான், வெளிறிய மஞ்சளாக இருந்தால் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான். நிழல் விழுந்த சருகுகளின் மேல் நடந்து, வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் அசைப்பது கொடிக்கால் வாலாட்டி. மார்பில் இரண்டு கரும்பட்டைகள் அதனை உறுதிப்படுத்தும். வேலிக் கம்பத்தில் அமர்ந்து, கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டையுடன் கரகரத்த குரலில் கத்துவது பழுப்புக் கீச்சான்.

புதருக்குள்ளிருந்து "சக், சக்" என்று மட்டும் கேட்டு, உருவம் தெரியாமல் அலைக்கழிப்பது பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். இதனைத் தையல்சிட்டு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். தையல்சிட்டின் செந்நிற நெற்றியும் தூக்கிய வாலும் இதற்கு இல்லை.

நீண்ட வாலுடைய அரசவால் ஈப்பிடிப்பானில் வெண்ணிற ஆண் தென்பட்டால் ஐயமே வேண்டாம், அது இந்தியாவிலிருந்து வந்ததுதான். இலங்கையில் நிரந்தரமாக வாழும் இனப்பிரிவின் ஆண்கள் வெண்மையாவதில்லை. செம்பழுப்பு நிறப் பறவையை வைத்து அவ்வாறு முடிவு கட்ட இயலாது. ஆறுமணிக்குருவியையோ விடியலிலும் அந்தியிலும் அதன் இரட்டைச் சீழ்க்கை ஒலியைக் கொண்டே தேட வேண்டும்.

பறவையை வெளியே வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். பயணத்துக்காகச் சேமிக்கும் வலுவை அது வீணடிக்கச் செய்கிறது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நகரம் வெறிச்சோடும்போது குரல்கள் தெளிவாகக் கேட்கும், பட்டாசு வெடிக்கும் வேளைகள் நீங்கலாக. கண்டதைப் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) செயலியில் பதியும்போது, ஒவ்வோர் இனத்தையும் கடைசியாகக் கண்ட தேதியைத் தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு எந்த வாரத்தில் எதைத் தேடுவது என்பதை அதுவே சொல்லிவிடும்.