மழைக்காட்டுக்குப் பொதுமக்களை அழைத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காட்டைப் பற்றிய பொது நிகழ்ச்சி ஒன்று உருப்படுமா, கெடுமா என்பது பெரும்பாலும் அழைப்பிதழ் தயாராகும்போதே முடிவாகிவிடுகிறது. யானை, சிறுத்தை, இருவாச்சி, சிங்கவால் குரங்கு என்று நான்கு படங்களை மேலே போட்டு, கீழே தேதியையும் கட்டணத்தையும் அச்சிட்டு அனுப்பினால், வருகிறவர்கள் அந்த நான்கையும் காட்டச் சொல்லித்தான் கேட்பார்கள். பிறகு வழிகாட்டுபவர் விலங்கின் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் நிறுத்தக் கூடாத வளைவில் வண்டியை நிறுத்துகிறார். யாரோ ஒருவர் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுக்கிறார். காட்டால் அன்றைக்கு எதைக் காட்ட முடியுமோ அதை வைத்து நிகழ்ச்சியை அமைக்காமல், வருகிறவர்களின் ஆசையை வைத்து அமைப்பதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர் என்பது என் கருத்து. ஆனைமலைத் தொடரிலுள்ள வால்பாறையை முன்னிறுத்தி இதை விளக்குகிறேன். பேருந்திலேயே ஏறிச்சென்று மழைக்காட்டின் ஓரத்தில் இறங்கிவிடக்கூடிய ஊர் என்பதால், நல்ல நிகழ்ச்சிக்கு ஏற்ற இடமும் அதுதான், எளிதில் பாழாகக்கூடிய இடமும் அதுதான்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறியதும் பச்சைப்பசேல் என்று விரியும் தேயிலைச் சரிவைக் காட்டி, "இதோ மேற்குத் தொடர்ச்சி மலையின் இயற்கை" என்று பேச்சைத் தொடங்குவது மிகப் பரவலான தவறு. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வால்பாறைப் பீடபூமியில் 1890-களில் தொடங்கி மழைக்காடு வெட்டப்பட்டுத் தேயிலையும் காபியும் ஏலமும் நடப்பட்டன. எஞ்சியவை தோட்டங்களுக்கு நடுவே தீவுகளைப்போலக் கிடக்கும் துண்டுக்காடுகள். அவற்றில் சில ஒரு கோயில் தோப்பின் அளவே இருக்கும், சில நூறு ஹெக்டேர் வரையிலும் விரியும். ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்களும் கேரளத்தின் வாழச்சால் வனக்கோட்டமும் பீடபூமியைச் சூழ்ந்திருப்பதால், விலங்குகள் இந்தத் துண்டுகளின் வழியாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகின்றன. இந்த வரலாற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டால், பங்கேற்பவர் தேயிலையையே காடென்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்புவார். தேயிலைச் செடிகளுக்கிடையே பத்து நிமிடம் நிற்கவைத்துவிட்டு, அடுத்த பத்து நிமிடம் துண்டுக்காட்டின் ஓரத்தில் நிற்கவைத்தால், வெப்பத்திலும் ஒலியிலும் மண்ணின் ஈரத்திலும் உள்ள வேறுபாட்டை அவர்களே உணர்ந்துகொள்வார்கள். அதற்கு மேல் பேச்சாளர் அதிகம் பேசத் தேவையில்லை.

பேச்சு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காடுகள் உலகுக்கு ஆக்சிஜன் தரும் தொழிற்சாலை என்ற வாசகத்தை மேடைதோறும் கேட்கிறோம். முதிர்ந்த மழைக்காடு தான் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முழுவதையும், மரங்களின் சுவாசத்துக்கும் தரையில் மக்கும் இலைதழைகளுக்குமாகத் தானே செலவழித்துவிடுகிறது. பொள்ளாச்சியிலிருந்தோ உடுமலையிலிருந்தோ வருபவரிடம் பேச வேண்டியது ஆக்சிஜனைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றி. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியாகக் கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் பாயும் நீர் இந்த மலைகளில் பெய்யும் மழைதான் என்று சொன்னால், அவர் தன் வீட்டுக் கிணற்றோடு காட்டை இணைத்துப் பார்ப்பார்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் நிகழும் தவறு எளிமையானது. கோடை விடுமுறை என்பதால் மே மாதத்திலும், தொடர் விடுமுறை என்பதால் பண்டிகை நாள்களிலும் நிகழ்ச்சி வைக்கிறார்கள்; அந்நாள்களில் மலைப்பாதை முழுக்க வண்டிகள் நிற்கும். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் ஜூலையில், தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கம் மாணவர்களை அழைத்துச் செல்வதும் சரியன்று. அதைவிட முக்கியம் எண்ணிக்கை. ஐம்பது பேர் ஒற்றையடிப் பாதையில் வரிசையாகச் சென்றால், வழிகாட்டி முன்னால் சொல்வது கடைசி முப்பது பேருக்குக் கேட்காது. கேட்காதவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சொலியில் பறவைகள் விலகிவிடும். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு பேருந்து நிறைய ஆள் சேர்ந்துவிட்டால், பாதிப் பேரை மழைக்காட்டு மரக்கன்றுகள் வளர்க்கும் நாற்றங்காலுக்கும் மீதிப் பேரை நடைக்கும் பிரித்து அனுப்பிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டம் துண்டுக்காட்டில் வாழும் சிங்கவால் குரங்குகளிடம் மக்கள் நடந்துகொள்ளும் விதத்தை விரிவாகவே பேச வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத, அழிவின் விளிம்பை நெருங்கியுள்ள இந்தக் குரங்கு, இயல்பில் மரத்தின் உச்சியை விட்டு அரிதாகவே இறங்கும். வெடிப்பலாவின் பூவையும் விதையையும் தின்று, கிளைக்குக் கிளை தாவியே வாழ்நாளைக் கழிக்கும். புதுத்தோட்டத்தில் காடு சுருங்கி, நடுவே சாலையும் ஓடுவதால், அவை தரையில் இறங்கிக் குப்பைத்தொட்டியைக் கிளறவும் வீட்டு ஓட்டைப் பிரித்து அடுப்படிக்குள் நுழையவும் பழகிவிட்டன. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டப்பட்ட பாலங்களை அவை பயன்படுத்துகின்றன. வண்டிகளை மெதுவாகச் செல்லச் சொல்லிக் காவலர்கள் நிற்கிறார்கள். ஆனாலும் ஒரு சுற்றுலா வேன் நின்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் போதும், பாலத்தை விட்டுக் கூட்டமே தார்ச்சாலைக்கு இறங்கிவிடும். அடுத்த வண்டி வேகமாக வந்தால் தாய்க்குரங்கோ குட்டியோ அடிபடும். "நாங்கள் உணவு தரவில்லை, பார்க்கத்தான் நின்றோம்" என்று சொல்லும் குழுக்களும் உண்டு. நிற்பதும் ஒருவகை அழைப்புதான். நிற்கும் வண்டி என்றால் தீனி என்று அந்தக் குரங்குகள் கற்றுக்கொண்டுவிட்டன. வண்டியைத் தள்ளி, அகலமான இடத்தில் நிறுத்தி, கதவைச் சாத்தி, உணவுப் பைகளை உள்ளேயே வைத்துவிட்டு நடந்து வந்து தொலைவிலிருந்து பார்ப்பதே முறை.

இருவாச்சியைப் பொறுத்தவரை தவறு வேறு விதமானது. பெரிய இருவாச்சி ஏறத்தாழ டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை கூடு கட்டும்; பெண் பறவை முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து, சிறு இடுக்கை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை பழங்களை விழுங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி, அந்த இடுக்கின் வழியே ஊட்டும். மரத்தடியில் மனிதர் நின்றால் ஆண் பறவை பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்து காத்திருக்கும், சில சமயம் திரும்பியும் போய்விடும். நாம் அரை மணி நேரம் நின்று எடுக்கும் படத்துக்கு விலையாக, பொந்துக்குள் இருக்கும் தாயும் குஞ்சும் ஒரு வேளை உணவைக் கொடுத்துவிடுகின்றன. இதைப் பள்ளி மாணவர்களுக்கு விளக்கினால் அவர்கள் உடனே பின்வாங்குவார்கள். பெரிய கேமராவோடு வருபவர்களிடம்தான் வாதாட வேண்டியிருக்கிறது. செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், கூடு இருக்கும் இடத்தை வரைபடக் குறியீட்டோடு பகிர்வதும் இதே வகையைச் சேர்ந்தவை.

பெரிய விலங்குகள்மீது கண் போய்விடுவதால் காலடியில் இருப்பவை மிதிபடுகின்றன. இங்குள்ள புதர்த்தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. இலைகளின்மீதோ சருகுகளின் அடியிலோ இடும் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவரும். ஆகவே சருகு மூடிய தரை என்பது அவற்றின் தொட்டில். படத்துக்காகப் பாதையை விட்டு இரண்டு அடி விலகுவது சிறிய விஷயமாகத் தெரியலாம்; இருபது பேர் அதே இரண்டு அடி விலகினால் புதிய பாதையே உருவாகிவிடும். ஓடைகளில் வாழும் நடனத் தவளையின் ஆண் காலை நீட்டி அசைத்துச் சைகை காட்டுவதைப் பார்க்க எல்லாருக்கும் ஆசைதான், ஆனால் பெண் தவளை ஓடைப்படுகையில் குழி பறித்து முட்டையிட்டு மூடுகிறது என்பதால், ஓடைக்குள் இறங்கி நடப்பதைத் தடுக்க வேண்டும். தவளையைக் கையில் எடுத்துக் காட்டுவதும் கூடாது. தவளை தோலின் வழியாகவும் சுவாசிக்கிறது; நம் கையில் பூசியிருக்கும் கொசு மருந்தும் சோப்பும் அந்தத் தோலின் வழியே உள்ளே போகும்.

அட்டைக்குப் பயந்து உப்பையும் டெட்டாலையும் புட்டிக் கணக்கில் கொண்டுவருகிறார்கள். கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமீது உப்பைக் கொட்டினால், அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிட்டு விழக்கூடும். விரல் நகத்தால் உறிஞ்சும் பகுதியை மெல்லப் பக்கவாட்டில் நெம்பினால் போதும். அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் சிறிது நேரம் இரத்தம் கசியும். அதில் நஞ்சு எதுவும் இல்லை. அட்டைக் காலுறையை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டால் இந்தப் பரபரப்பே இருக்காது.

அனுமதி என்பதை வெறும் தாளாகக் கருதுவது ஆபத்தானது. துண்டுக்காடுகளில் பல தேயிலை நிறுவனங்களின் நிலத்துக்குள் இருக்கின்றன; அங்கே தோட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். காப்பகத்துக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். ஒன்றைப் பெற்றுவிட்டு மற்றொன்றும் கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டதை மறக்கக் கூடாது. "இரவு சஃபாரி" என்று சொல்லி, டார்ச் அடித்துக்கொண்டு தோட்டச் சாலைகளில் வண்டி ஓட்டுவது சட்டப்படியும் தவறு, அறிவுப்படியும் தவறு. யானைகள் பகலைத் துண்டுக்காட்டில் கழித்து, இருட்டியதும் தேயிலையைக் கடந்து நகரும் பீடபூமி இது. யானை நடமாட்டத்தை எச்சரிக்கக் குறுஞ்செய்தியும், செல்போனால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளும் இங்கே பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கின்றன. விளக்கு எரிந்தால் அன்றைய நடையை ரத்து செய்ய வேண்டும், வேறு வழியில்லை. 2025 பிப்ரவரியில், சாலையோரம் நின்ற யானையைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போக முயன்ற வெளிநாட்டுப் பயணி ஒருவர் வால்பாறையில் உயிரிழந்தார்.

நிகழ்ச்சியை "பயனுள்ளதாக" முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கடைசி மணி நேரத்தில் விதைப்பந்து வீசுவார்கள், அல்லது மரக்கன்று நடுவார்கள். நல்ல உள்ளத்தோடு செய்யப்படும் இந்த இரண்டும்தான் அறிவியலுக்கு மிகவும் புறம்பானவை. சமவெளி மரங்களான வேம்பு, புங்கன் போன்றவற்றின் விதைகளை எடுத்து வந்து இங்கே வீசுவது பொருத்தமற்றது என்பது வெளிப்படை. மழைக்காட்டு மரங்களின் விதைகளையே பந்தாக உருட்டினாலும் பயனில்லை. பலா போன்றவற்றின் விதைகள் ஈரப்பசையோடு இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும், உலர்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். களிமண்ணில் வைத்து நிழலில் காயவைக்கும்போதே அவை செத்துவிடுகின்றன. வால்பாறையில் 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து மழைக்காட்டை மீட்டெடுத்துவரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் நாற்றங்காலில் செய்யும் முறை வேறு. காட்டுக்குள் விழும் விதைகளைத் தொடாமல், சாலையோரத்தில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கவிருக்கும் விதைகளைப் பொறுக்கி, உடனே ஊன்றி, கன்றாக்கி, பல இனங்களைக் கலந்து மழைக்காலத்தில் நடுகிறார்கள். நட்ட பிறகு பல ஆண்டுகள் களை எடுக்க வேண்டும்.

ஆகவே பொதுமக்கள் கையால் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால், அயல்நாட்டுக் களையான உன்னிச்செடியைப் பிடுங்கும் வேலைக்கு, அதுவும் அடையாளம் தெரிந்தவர் மேற்பார்வையில், அனுப்பலாம். தோட்டத்திலிருந்து மரநாய் எச்சத்தின் வழியாகக் காட்டுக்குள் பரவி, அடிநிலக் கன்றுகளை நெருக்கும் ரோபஸ்டா காபி நாற்றுகளையும் பிடுங்கச் சொல்லலாம். படம் எடுத்துப் போட அவ்வளவு அழகாக இராது. காட்டுக்கு இதுதான் உதவும். நிழல் அடர்ந்த, ஏற்கெனவே கன்றுகள் முளைத்துள்ள இடத்தில் எதையும் நடாமல் விட்டுவிடுவதே நல்லது. இயற்கையான புல்வெளியில் மரம் நடுவது எந்தச் சூழலிலும் கூடாது. வரையாடு மேயும் புல்வெளி, மரம் இல்லாததால் பாழ்நிலம் ஆகிவிடாது.

பெரும்பாலான நிகழ்ச்சிகளில் காணாமல்போவோர் உள்ளூர்க்காரர்கள். அதிகாலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் வழியில் யானையைச் சந்திப்பவரும், சிறுத்தை நடமாடும் பாதையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புபவரும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளில் வாழும் தொழிலாளர்கள்தாம். அவர்களுக்கு வேலை நாளான சனிக்கிழமையில், நகரத்து விடுதியின் அரங்கில், கட்டணம் வைத்து நிகழ்ச்சி நடத்திவிட்டு, "உள்ளூர் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கையில் எழுதுவது முறையாகாது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில், கட்டணமின்றி நடத்தினால் வருவார்கள். தலைமுறைகளாக இந்தக் காட்டில் வாழும் காடர் சமூகத்தினரை அழைத்தால், மேடையில் சால்வை போர்த்தி உட்காரவைப்பதோடு நிறுத்தாமல், நடையை வழிநடத்தும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்து, நகரத்திலிருந்து வரும் வல்லுநருக்குத் தரும் அதே ஊதியத்தைத் தர வேண்டும்.