லவ் பேர்ட்ஸ், காக்டெயில் வளர்ப்பவர்களுக்கு: நோயையும் வீட்டு ஆபத்தையும் முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற பட்ஜியும் காக்டெயிலும் கிளி இனம்தான். (நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.) சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும் என்பதால், கிளிகள் முடிந்தவரை நோயை வெளிக்காட்டாது. கூண்டின் தரையில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றால், நோய் உள்ளே பல நாளாக இருந்திருக்கலாம். அதனால் பறவை சுறுசுறுப்பாக இருக்கிறதே என்று நம்பாமல் எடையையும் எச்சத்தையும் கவனியுங்கள்.

படி 1: எடை போடுங்கள்

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன் எடை பார்க்க வேண்டும். சிறு டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, பறவையை அதற்குள் விடுங்கள். வாரம் இரண்டு முறை குறித்து வையுங்கள். பட்ஜி சுமார் 30 முதல் 40 கிராம், காக்டெயில் 80 முதல் 110 கிராம் இருக்கும். ஆனால் உங்கள் பறவையின் வழக்கமான எடை எது என்பதுதான் முக்கியம். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். 35 கிராம் பட்ஜிக்கு அது மூன்றரை கிராம்தான். இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாது. நெஞ்செலும்பை விரலால் தடவினால் கத்தி விளிம்பு போலத் துருத்துகிறதா? சதை கரைந்துவிட்டது.

புதிதாக வளர்ப்பவர்கள் தவறவிடும் இடம் தீனிக் கிண்ணம். பட்ஜி தினையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே ஒரு மணி இருக்காது. தினமும் உமியை ஊதிவிட்டுப் பாருங்கள். நோயுற்ற பறவை விழுங்காமல் வெறுமனே தினையைக் கொறிப்பதும் உண்டு. அதையும் எடைதான் காட்டிக்கொடுக்கும்.

படி 2: எச்சத்தைப் படியுங்கள்

கூண்டின் அடியில் மணலோ மரத்தூளோ வேண்டாம். வெள்ளைத் தாள் விரித்து தினமும் மாற்றுங்கள். நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: பச்சை அல்லது பழுப்பு நிற மலம், வெள்ளை யூரேட் (கெட்டியான சிறுநீர்க் கழிவு), கொஞ்சம் தெளிந்த நீர். வெள்ளரியோ பழமோ தின்ற அன்று நீர் கூடுவது இயல்பு.

வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். முழுத் தானியம் அப்படியே வெளியே வந்தால் செரிமானக் கோளாறு. ரத்தமோ தார் போன்ற கறுப்போ தெரிந்தால் அன்றே காட்டுங்கள்.

படி 3: மூச்சையும் நிற்கும் விதத்தையும் பாருங்கள்

தூங்கும் பறவை இறகை உப்பிக்கொள்ளும். அது மட்டும் நோயல்ல. நலமான பறவை பெரும்பாலும் ஒற்றைக் காலில் தூங்கும். பகலில் இரண்டு காலையும் ஊன்றி, உப்பிக்கொண்டு, கண் சொருகி நின்றால் சந்தேகப்படுங்கள். ஓய்வாக இருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அவசரம். பெட்டைப் பறவை கூண்டுத் தரையில் உட்கார்ந்து முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம்; காத்திருக்கக் கூடாது.

படி 4: வீட்டைச் சோதியுங்கள்

சமையலறையிலிருந்து தொடங்குங்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்தால், சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் பூச்சிலிருந்து வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும். நமக்கு வாடைகூடத் தெரியாமல் போகலாம். பறவை மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியே காற்று ஓடுவதால் நச்சு வேகமாக ஏறுகிறது. கூண்டு இருக்கும் வீட்டுக்கு இரும்புக் கல்லே நல்லது. கொசுவத்திச் சுருள், பூச்சி ஸ்ப்ரே, சாம்பிராணி, தாளிப்புப் புகை எதுவும் கூண்டு இருக்கும் அறைக்குள் வரக் கூடாது.

துத்தநாகம் பூசிய புதிய இரும்பு (ஜி.ஐ.) வலையில் செய்த கூண்டில் துத்தநாகத் துகள்கள் ஒட்டியிருக்கும். கொறித்தால் விஷம்: தண்ணீர் அதிகம் குடிக்கும், எச்சம் நீராகும், கால் தளரும். வினிகர் ஊற்றித் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே பறவையை விடுங்கள். துருப்பிடிக்காத எஃகு கிடைத்தால் அதுவே மேல்.

வெளியே விடும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், தண்ணீர் வாளியை மூடுங்கள், கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போடுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் கொடுக்கவே கூடாது.

படி 5: மருத்துவரிடம் போகும்வரை

காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக, 29 முதல் 30 டிகிரி இருக்கும்படி வையுங்கள். நம் ஊர் கோடையில் தனிச் சூடு தேவைப்படாது. பறவை இறக்கையை விரித்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். புகை பட்ட பறவை என்றால் முதல் வேலை, திறந்த வெளிக்குக் கொண்டுபோவது.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கடையில் தரும் ஆன்டிபயாடிக் பொடியும் வேண்டாம். நகம் முறிந்து ரத்தம் வந்தால் சோள மாவை அப்பி இரண்டு நிமிடம் அழுத்துங்கள். 35 கிராம் பறவையின் உடம்பில் மொத்த ரத்தமே மூன்று மில்லி சொச்சம்தான்.

பறவைகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரை இப்போதே விசாரித்து வையுங்கள், எல்லோரும் பார்ப்பதில்லை. போகும்போது எடைக் குறிப்பையும் அன்றைய எச்சம் படிந்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அதே நாட்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய் பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும்.