நாடுவாரியாகச் சிப்பிப் பிடிப்புக் கணக்கைப் படிப்பது எப்படி?

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மீன்வளப் புள்ளிவிவரத் தளத்திலிருந்து தொடங்குங்கள். 1950 முதல் கணக்கு இருக்கிறது. இனக்குழு எண் 54ஐத் தேர்ந்தெடுத்தால் கல்லுமக்காய் (மஸல்) வகைச் சிப்பிகள் மட்டும் வரும். பிடிப்பு தனி, வளர்ப்பு தனி. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். மாணவர்கள் பிடிப்பை மட்டும் வரைந்து, “இந்த நாட்டில் சிப்பி அழிகிறது” என்று எழுதிக்கொண்டு வந்தால், வளர்ப்புக் கோடு எங்கே என்றுதான் முதலில் கேட்பேன்.

நெதர்லாந்தைப் பாருங்கள். வாடன் கடலில் தானாக விளைந்த குஞ்சுச் சிப்பியை வாரி எடுத்து, குத்தகைப் படுகைகளில் பரப்பி, பெரிதானதும் மறுபடி வாரி, யெர்செக் ஊர் ஏலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இது வளர்ப்புக் கணக்கில் சேரும். டென்மார்க்கின் லிம்ஃபியோர்டில் அதே நீலச் சிப்பியை இயற்கைப் படுகையிலிருந்து நேராக வாரிக் கரைசேர்க்கிறார்கள், அது பிடிப்பு. 1990களின் தொடக்கத்தில் லட்சம் டன்னை ஒட்டி இருந்த அந்தப் பிடிப்பு, 2000களில் பாதிக்கும் கீழே போனது. அளவுக்கு மீறி வாரியது, கோடையில் அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் வற்றுவது, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வந்த கட்டுப்பாடுகள் என்று பல காரணங்கள். இரண்டு நாட்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட்டால் ஒன்றுமே புரியாது.

அடுத்து எடை. கணக்கு ஓட்டோடு சேர்ந்த உயிர் எடையில் இருக்கும். வீட்டில் ஒரு கிலோ சிப்பியை வேகவைத்து ஓட்டைக் கழற்றிப் பாருங்கள், கால் கிலோ சதை தேறினால் பெரிது. ஏற்றுமதிக் கணக்கோ பல நேரம் சதை எடையில் வரும். இரண்டையும் அப்படியே கூட்டாதீர்கள்.

ஒரு வருடச் சரிவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. 1982–83 எல் நினோவில் பெரு கடலோரம் சூடேறியபோது, குளிர்நீரில் வாழும் சோரோ சிப்பி அங்கே பெருமளவு மடிந்தது. அதனால் மூன்று வருடச் சராசரி போடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் மதிப்பீடு என்ற குறி இருந்தால் அதை வேறு நிறத்தில் காட்டுங்கள்.

அப்புறம், விதை, அதாவது வளர்ப்புக்கு எடுக்கும் குஞ்சுச் சிப்பி. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஸ்பெயினின் கலீசியாவில் மிதவைகளில் வளரும் சிப்பிக்குப் பெருமளவு விதை பாறையில் சுரண்டி எடுத்தது. காசர்கோடு படன்னக் காயலில் கயிற்றில் வளரும் கல்லுமக்காய்க்கும் பாறைவிதைதான் ஆதாரம். ஒவ்வொரு நாட்டின் வளர்ப்பு எண்ணுக்கும் பக்கத்தில், விதை எங்கிருந்து வந்தது, எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று அந்நாட்டு அறிக்கையைப் பார்த்து ஒரு வரி எழுதிவையுங்கள்.