கல்லூரி பாஸ் ரஷ்ஷரை டிராஃப்டுக்கு முன் எடைபோடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

ஏப்ரல் கடைசியில் என்எஃப்எல் டிராஃப்ட் (அமெரிக்கக் கால்பந்து லீக் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) வந்தால், பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பேச்சுதான் எங்கும் ஓடும். ஆனால் அவருக்கு அடுத்தபடியாக அணிகள் தேடி அலைவது அவரைத் துரத்திப் பிடிக்கிற ஆளை, அதாவது பாஸ் ரஷ்ஷரை. 2022-ல் முதல் இரண்டு தேர்வுகளுமே பாஸ் ரஷ்ஷர்கள்தான்: ஜாக்சன்வில் அணி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டிராவன் வாக்கரை எடுத்தது, டெட்ராய்ட் அணி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஏடன் ஹட்சின்சனை எடுத்தது. அதற்கு முந்தைய கல்லூரி சீசனில் ஹட்சின்சனுக்கு 14 சாக், வாக்கருக்கு 6. குறைவாக எடுத்தவர் முதலில் போனார்! அது எப்படி நடந்தது என்று புரிந்துவிட்டால் ஸ்கவுட்டிங்கில், அதாவது வீரர்களை எடைபோடும் வேலையில், பாதி புரிந்த மாதிரி. குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்குள் அவரை ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தினால் அது சாக், இது தெரிந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

படி 1: ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்

தொகுப்பு வீடியோக்களை முதலில் பார்க்காதீர்கள். அதில் எல்லாரும் ஹீரோதான். முழு ஆட்டங்களாக மூன்று அல்லது நான்கு எடுத்துக்கொள்ளுங்கள்: சீசன் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று, எதிரணியில் நல்ல டேக்கிள் (வரிசையின் ஓரத்தில் நின்று ரஷ்ஷரைத் தடுத்து குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்) இருக்கிற ஆட்டம் கட்டாயம் ஒன்று, அவர் சோபிக்காத ஆட்டமும் ஒன்று. ஹட்சின்சன் என்றால் 2021 நவம்பர் 27 அன்று ஆன் ஆர்பரில் ஒஹாயோ ஸ்டேட்டை மிச்சிகன் 42-27 என்று வென்ற ஆட்டம், அதில் அவருக்கு 3 சாக். அதே கையோடு டிசம்பர் 31 ஆரஞ்ச் பௌலையும் பாருங்கள். ஜார்ஜியா 34-11 என்று மிச்சிகனை ஒரு வழி பண்ணிய ஆட்டம் அது, ஹட்சின்சனுக்கு ஒரு சாக் கூட இல்லை, எதிர்ப்பக்கத்தில் வாக்கரும் ஆடுகிறார். இரண்டு பேரையும் ஒரே மைதானத்தில் பார்க்கிற வாய்ப்பு அடிக்கடி அமையாது.

தொலைக்காட்சி ஒளிபரப்பே போதும். ரஷ்ஷர் எப்போதும் பந்துக்குப் பக்கத்தில்தான் நிற்பார், அதனால் கேமராவை விட்டு வெளியே போவது குறைவு. கோல் கம்பத்துப் பக்கமிருந்து காட்டும் ரீப்ளே வந்தால் அதை விடாதீர்கள், கை வேலை அதில்தான் தெளிவாகத் தெரியும்.

படி 2: சலித்தெடுங்கள்

பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்குகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப். எல்லா ஸ்னாப்பும் ஒன்றல்ல. பந்தை ஏந்தி ஓடுகிற ஓட்ட ஆட்டம், தடுப்பவர்களை முன்னால் விட்டுப் பக்கத்திலேயே வீசுகிற ஸ்கிரீன் பாஸ், பந்தைப் பிடித்த உடனேயே விட்டெறிகிற பாஸ், ஓடுவதுபோல் பாவலா காட்டும் பிளே ஆக்‌ஷன் இவற்றையெல்லாம் தனியாக ஒதுக்குங்கள். மீதி இருப்பவை, குவார்ட்டர்பேக் ஏழெட்டு யார்டு பின்வாங்கி நிற்க, டேக்கிள் தனியாளாக ரஷ்ஷரை எதிர்கொள்கிற ஸ்னாப்கள். மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் எட்டு யார்டு வேண்டும் என்கிற மாதிரி நேரங்களில் இவை அதிகம். ஒரு ஆட்டத்தில் இப்படிக் கொஞ்சம்தான் தேறும், ஆனால் உங்கள் முடிவு பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

படி 3: ஒரே ஸ்னாப்பை நாலு தடவை பாருங்கள்

வேலையே இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

முதல் தடவை கால்களை மட்டும். பந்து அசைந்ததும் இவர் அசைகிறாரா, அல்லது பக்கத்தில் இருப்பவர் அசைந்த பிறகா? வரிசையில் இருக்கும் நாலு பேரில் யார் முதலில் கிளம்புகிறார் என்று நிறுத்திப் பாருங்கள். குவார்ட்டர்பேக் ஏறத்தாழ இரண்டரை விநாடியில் பந்தை விட்டுவிடுவார், தொடக்கத்தில் ஒரு கண் சிமிட்டும் நேரம் போனாலும் போனதுதான். முதல் இரண்டு மூன்று எட்டுகள் நேராக முன்னால் போகின்றனவா என்பதையும் கவனியுங்கள். சிலர் பின்காலை ஒருமுறை தூக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள், கல்லூரியில் அது தெரியாது, என்எஃப்எல் டேக்கிள் அதற்குள் இரண்டு எட்டு பின்வாங்கி வழியை அடைத்துவிடுவார்.

இரண்டாவது தடவை கைகள். டேக்கிள் கையை நீட்டுகிற அந்த நொடியைப் பிடியுங்கள். ரஷ்ஷர் அந்தக் கையை மணிக்கட்டிலோ முழங்கையிலோ வெட்டித் தள்ளுகிறாரா, தோளுக்கடியில் தன் கையை நுழைத்து மேலே தூக்குகிறாரா, ஒரே கையை நீட்டி டேக்கிளின் நெஞ்சில் ஊன்றி பின்னால் தள்ளிக்கொண்டே போகிறாரா? கை சீக்கிரம் போனால் டேக்கிள் ஏமாற மாட்டார், தாமதமாகப் போனால் பிடி விழுந்துவிடும். கைகள் இரண்டும் சும்மா தொங்க, தோளால் மோதிக்கொண்டு போகிறவராக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், அவர் தன்னைவிடப் பலம் குறைந்தவர்களை மட்டுமே வென்றுகொண்டிருக்கிறார்.

மூன்றாவது தடவை இடுப்பும் கணுக்காலும். டேக்கிளின் தோளைத் தாண்டும் இடத்தில் ரஷ்ஷர் உள்பக்கம் வளைந்து குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்ப வேண்டும். அப்போது உடம்பு முழுவதும் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும், உள்பக்கத் தோள் டேக்கிளின் கைக்குக் கீழே போயிருக்கும், ஆனால் வேகம் குறையாது. கணுக்கால் மடங்காதவர்கள் நிமிர்ந்தபடியே பெரிய வட்டம் போட்டு குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் போய்ச் சேருவார்கள். டேக்கிள் லேசாக ஒரு தள்ளு கொடுத்தால் போதும், அவர் ஆட்டத்திலேயே இல்லை.

நாலாவது தடவை முடிவு. சாக் விழுந்ததா என்று மட்டும் பார்க்காமல், இவர் டேக்கிளை வென்றாரா என்று பாருங்கள். வென்ற பிறகு குவார்ட்டர்பேக் பந்தை வீசிவிட்டால் அது இவர் குறையல்ல. யாரும் தடுக்காமல் ஓடி வந்து எடுத்த சாக், எறிய ஆளில்லாமல் குவார்ட்டர்பேக் நாலு விநாடி தவித்தபோது கிடைத்த சாக் இவற்றை வேறு பத்தியில் எழுதுங்கள். வெர்னன் கோல்ஸ்டன் 2007-ல் ஒஹாயோ ஸ்டேட்டுக்காக 14 சாக் எடுத்தார், அடுத்த ஆண்டு ஜெட்ஸ் அணி அவரை ஆறாவதாகத் தேர்ந்தெடுத்தது, என்எஃப்எல்லில் கடைசிவரை ஒரு சாக் கூட எடுக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஒரு அணி எவ்வளவு விலை கொடுக்கும் என்பதற்கு அவர் பெயரைத்தான் இன்னும் சொல்கிறார்கள்.

படி 4: முதல் வித்தை பலிக்காதபோது என்ன செய்கிறார்?

என்னைக் கேட்டால் கல்லூரி வீரரையும் என்எஃப்எல் வீரரையும் பிரிப்பது இதுதான். வெளிப்பக்கமாக வேகமாகப் போகிறார், டேக்கிள் அங்கே வந்துவிட்டார். அப்போது உள்பக்கம் வெட்டித் திரும்புகிறாரா, சுழன்று வருகிறாரா, அல்லது கட்டிப்பிடித்தபடி விசில் வரும்வரை நிற்கிறாரா? இன்னும் ஒரு படி மேலே, முதல் பாதியில் வெளிப்பக்கமே போய்ப் போய் டேக்கிளைப் பழக்கிவிட்டு நாலாவது கால்பகுதியில் உள்ளே வருகிறாரா என்று பாருங்கள். அப்படி வந்தால் அவர் யோசித்து ஆடுகிறவர். ஆட்டத்தை இடையில் நிறுத்தாமல் வரிசையாகப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

கடைசிக் கால்பகுதியில் மூச்சு வாங்குகிறதா, பந்து மறுபக்கம் போனபோது துரத்துகிறாரா என்பதையும், ஓட்ட ஆட்டத்தில் ஓரத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாரா என்பதையும் இங்கேயே குறித்துவிடுங்கள். ஓட்டத்தைத் தடுக்கத் தெரியாதவர் மூன்றாவது டவுனுக்கு மட்டும்தான் களமிறங்குவார்.

படி 5: அவருக்குக் கொடுத்த வேலை என்ன?

வாக்கரின் 6 சாக்குக்கு விடை இங்கே கிடைக்கும். 2021 ஜார்ஜியா தடுப்பு அணியிலிருந்து அடுத்த டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் 5 பேர் போனார்கள். அத்தனை பேர் இருக்கும் அணியில் யாருக்கும் எல்லா ஸ்னாப்பும் கிடைக்காது. தவிர, வாக்கரைப் பல தடவை உள்ளே தள்ளி நிறுத்தினார்கள், டேக்கிளைத் தாங்கிப் பிடித்து ஓட்டத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஹட்சின்சனோ ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைத் தேடிப் போவதற்கென்றே விடப்பட்டவர். ஆகவே ஒவ்வொரு ஸ்னாப்பிலும் இவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு எழுத்தாவது போட்டு வையுங்கள்.

படி 6: அளவுகளைக் கடைசியில் பாருங்கள்

இண்டியனாபொலிஸில் நடக்கும் கம்பைனில், அதாவது டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாமில், எல்லாவற்றையும் அளப்பார்கள். ரஷ்ஷருக்கு முக்கியம் மூன்றுதான்: கை நீளம், 40 யார்டு ஓட்டத்தின் முதல் 10 யார்டு, மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் த்ரீ கோன். கை நீளமாக இருந்தால் டேக்கிளின் கை நெஞ்சில் படுவதற்குள் இவர் கை அவர்மேல் பட்டுவிடும், அதனால் பல அணிகள் 33 அங்குலத்தையாவது எதிர்பார்க்கும். வாக்கருக்கு 35 1/2 அங்குலம், 272 பவுண்டு எடையோடு 40 யார்டை 4.51 விநாடியில் ஓடினார். ஜாக்சன்வில் கண்டது அந்த உடம்பை. ஹட்சின்சனின் கை 32 1/8 அங்குலம்தான், ஆனால் த்ரீ கோனை 6.73 விநாடியில் முடித்தார், அந்தத் திரும்பும் வேகம் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்திலும் கண்ணில் படும். அளவு ஆட்டத்தோடு ஒத்துப்போனால் நம்பலாம், ஒத்துப்போகாவிட்டால் திரும்பப் போய் வீடியோவைப் பாருங்கள். டெரல் சக்ஸ் 2002-ல் அரிசோனா ஸ்டேட்டில் 24 சாக் எடுத்துவிட்டு, டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் மெதுவாக ஓடினார். அதைப் பார்த்துத் தயங்கிய அணிகளைத் தாண்டிப் பத்தாவதாக பால்ட்டிமோரிடம் போய், என்எஃப்எல்லில் 139 சாக்குடன் முடித்தார்.

காயம் பற்றிய மருத்துவ அறிக்கை நம் கைக்கு வராது, அதை அணிகளின் டாக்டர்களிடம் விட்டுவிடுங்கள்.

படி 7: எழுதுங்கள்

அரைப் பக்கம் போதும். எப்படி வெல்கிறார் என்று ஒரு வரி, எப்படித் தோற்கிறார் என்று ஒரு வரி, முதல் ஆண்டிலேயே ஆடுவாரா அல்லது காத்திருக்க வேண்டுமா, எந்தச் சுற்றில் எடுக்கலாம். "நல்ல வீரர்", "கடின உழைப்பாளி" போன்ற சொற்களை அடித்துவிட்டு, எந்த ஆட்டம், எந்தக் கால்பகுதி, என்ன செய்தார் என்று போடுங்கள். தேதியும் போடுங்கள். என்எஃப்எல்லில் முதல் ஆண்டில் ஹட்சின்சன் 9.5 சாக், வாக்கர் 3.5 என்றதும் வாக்கர் தேறமாட்டார் என்று எழுதியவர்கள் உண்டு, அடுத்த ஆண்டே அவர் 10 எடுத்தார். முதல் சுற்று வீரரின் ஐந்தாம் ஆண்டு ஒப்பந்தத்தை அணிகள் தீர்மானிப்பது மூன்று சீசன் முடிந்த பிறகுதான், நீங்களும் உங்கள் குறிப்பை அப்போது எடுத்து, எந்த வரி சரியாக வந்தது, எது தப்பியது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.