ரவை தீர்வதற்கு முன்பே சொல்லும் கல்யாணப் பத்திரிகை

போன ஆடியில் என் மளிகைக் கடையின் மேல் அடுக்கைத் துடைக்க ஏறியபோது தேதி முடிந்த சேமியா 11 பாக்கெட் கையில் வந்தது. ஏணியில் நிற்கும்போதே கீழே ஒரு அக்கா ரவை கேட்டார். ரவை இல்லை. ஒரே நிமிடத்தில் இரண்டு நஷ்டம். அதன் பிறகுதான் இந்த அட்டை முறையைப் பிடித்துக்கொண்டேன்.

சரக்கு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததும், ஆர்டர் சொல்லச் சொல்லி ஒரு அட்டை கைக்கு வந்துவிடும். இதன் பெயர் கான்பான். ஜப்பானிய மொழியில் பெயர்ப்பலகை என்று அர்த்தம். டொயோட்டா கார் கம்பெனியின் பொறியாளர் தாயிச்சி ஓனோ இதற்கு முன்மாதிரியாகப் பார்த்தது அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளை: வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அடுக்கை நிரப்புவார்கள். கடைக்காரனிடமிருந்து கார் தொழிற்சாலைக்குப் போன யோசனை, நாம் திரும்ப வாங்கிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதலில் எல்லாச் சரக்கையும் ஒருமுறை கீழே இறக்குங்கள். மூன்று மாதமாக நகராததற்குச் சிவப்பு ஸ்டிக்கர், தேதி முடிய 45 நாளுக்குள் இருப்பதற்கு மஞ்சள். மஞ்சள் கல்லாப் பக்கம் வரட்டும். கூட்டிப் பெருக்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அடுத்து அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும், நல்ல கெட்டியாக இருக்கும். சரக்கின் பெயர், ஏஜென்சி ஆள் வரும் கிழமை, எத்தனை ஆர்டர் சொல்ல வேண்டும் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஓட்டை போடுங்கள்.

நான் வழுக்கி விழுந்தது இனிமேல் வரும் இடத்தில். எத்தனை பாக்கெட் மிச்சம் இருக்கும்போது அட்டை வெளியே வர வேண்டும்? ரவை ஒரு நாளைக்கு 4 போகும், ஆர்டர் சொன்னால் மறுநாள் சரக்கு வந்துவிடும். அதனால் 8 போதும் என்று கணக்குப் போட்டேன். புதன்கிழமை அட்டை வந்தது, வெள்ளிக்கிழமை ரவை தீர்ந்தது. சேல்ஸ்மேன் வருவதோ செவ்வாய் மட்டும்! அவர் கிளம்பிய பிறகு அட்டை வந்தால் அடுத்த செவ்வாய் வரை காத்திருந்து, புதன் சரக்கு இறங்க மொத்தம் 8 நாள். 8 × 4 = 32, கைக்காவலாக இன்னும் 4, ஆக 36. சரக்கு வர எத்தனை நாள் என்று மட்டும் பார்க்காதீர்கள், ஆள் வர எத்தனை நாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த 36-ஐ ஒரு பையில் போட்டு வாயைச் சணலால் கட்டி, அட்டையை அந்தச் சணலிலேயே கோர்த்துவிடுங்கள். முதலில் நான் பாக்கெட்டுகளுக்கு நடுவே சும்மா செருகி வைத்தேன், கடைப் பையன் குப்பை என்று வீசிவிட்டான். இப்போது பையைப் பிரிக்கிறவன் கையில் அட்டை வந்தே தீரும். வந்ததும் நேராகக் கல்லாவில் பில் குத்தும் கம்பிக்கு. செவ்வாய்க்கிழமை கம்பியில் இருப்பது மட்டுமே ஆர்டர். 'பத்துக்கு ஒன்று இலவசம் அண்ணாச்சி' என்பார் சேல்ஸ்மேன், மயங்காதீர்கள். என் சேமியா அப்படி வந்ததுதான்.

பில்லிங் ஆப்பிலும் இந்த எச்சரிக்கை வசதி இருக்கிறது. ஆனால் பொட்டலம் கட்டி விற்கும் கடையில் ஸ்டாக் கணக்கு ஒரு வாரம்கூடச் சரியாக நிற்காது. எனக்கு அட்டைதான்.

பிறகு சேர்த்தது: கட்டிய பையில் ரவை வண்டு பிடித்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய மிச்சத்தையே திரும்பக் கட்டியிருக்கிறார். புதுச் சரக்கு வந்ததும் மிச்சம் முன்வரிசைக்கு வர வேண்டும், புதிதில்தான் 36 கட்ட வேண்டும். பாலுக்கும் பிரெட்டுக்கும் இந்த முறை வேண்டாம், அது தினக் கணக்கு.

தீபாவளிக்கு மைதா, சர்க்கரை, கடலை மாவுக்கு மட்டும் கூடுதல் எண் எழுதிய பச்சை அட்டை மாட்டுவேன். பண்டிகை முடிந்த மறுநாளே கழற்றிவிடுங்கள். நான் மறந்து, பொங்கல் வரை 20 கிலோ மைதாவோடு உட்கார்ந்திருந்தேன்.