கிளஸ்டரில் இயங்குதளம் மாறிவிட்டதா? பழைய நிரலை மறுபடி ஓடவைக்கும் வழி

"வரும் வாரம் கிளஸ்டர் மூன்று நாள் நிறுத்தப்படும். இயங்குதளம் 7-லிருந்து 9-க்கு மாறுகிறது. எல்லோரும் தங்கள் நிரல்களை மறுபடி கம்பைல் செய்துகொள்ளவும்." இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், ஆராய்ச்சி மாணவர்கள் பலர் கடைசி வரியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மூன்று நாள் கழித்து உள்ளே நுழைந்து பழைய ஜாபை, அதாவது கிளஸ்டர் வரிசையில் போடும் வேலையை, அப்படியே அனுப்புகிறார்கள். அது இரண்டு நொடியில் செத்துவிடுகிறது. அதைவிடக் கொடுமை, சில சமயம் சாகாமல் தப்பாக ஓடுகிறது.

கிளஸ்டரை, அதாவது பல கணினிகளை இணைத்து ஒன்றாக இயக்கும் அமைப்பை, முதல் முறை பயன்படுத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சி என்ஐடியில் 2022-ல் தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் போன்ற பெரிய இயந்திரமாக இருக்கட்டும், துறையில் உள்ள எட்டு நோடு (கணினி) கிளஸ்டராக இருக்கட்டும், வழி ஒன்றுதான். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அதே உச்சரிப்பை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எல்டிடி என்றால் எல், டி, டி.

ஏன் இந்த மாற்றம் என்று ஒரு வார்த்தை. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான். பல்கலைக்கழகக் கிளஸ்டர்களில் பெரும்பாலும் இருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகை. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. சென்ட்ஓஎஸ் 8 அதற்கு முன்பே, 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. அந்த அறிவிப்பு வந்த பிறகுதான் ராக்கி லினக்ஸும் ஆல்மா லினக்ஸும் பிறந்தன. இரண்டுமே ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸை ஒட்டி வருபவை. செர்ன், ஃபெர்மிலேப் என்ற இயற்பியல் ஆய்வகங்கள் இரண்டும் சேர்ந்து 2022 டிசம்பரில் ஆல்மாவைப் பரிந்துரைத்தன. உங்கள் இடத்தில் எது வந்திருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

படி 1: உள்ளே நுழையும்போதே ஒரு எச்சரிக்கை

தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தால், "எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது" என்று பெரிய எழுத்தில் ஒரு மிரட்டல் வரலாம். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியதால் சாவி மாறியிருக்கும். பதறவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் வேண்டாம். நிர்வாகி அனுப்பிய மின்னஞ்சலில் புதுச் சாவியின் கைரேகை (அதை அடையாளம் காட்டும் குறியீடு) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். திரையில் உள்ளதும் அதுவும் ஒன்றாக இருந்தால், "எஸ்எஸ்ஹெச்-கீஜென்" கட்டளையோடு பெரிய எழுத்தில் "-ஆர்" சேர்த்து, கிளஸ்டரின் பெயரைக் கொடுத்துப் பழையதை நீக்கிவிட்டு மறுபடி நுழையுங்கள்.

படி 2: மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன் மூன்று கட்டளைகள்:

கேட் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ்
எல்டிடி --வெர்ஷன்
ஜிசிசி --வெர்ஷன்

முதலாவது இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும் சொல்லும். இரண்டாவதின் முதல் வரியில் இருப்பது ஜிலிப்சி பதிப்பு. நிரல்கள் பெரும்பாலும் இயங்குதளத்தோடு பேசுவது இந்த லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் தயார் நிரல் தொகுப்பு) வழியாகத்தான். மூன்றாவது, நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் பதிப்பு.

சென்ட்ஓஎஸ் 7-ல் ஜிலிப்சி 2.17, ஜிசிசி 4.8.5. எட்டாம் பதிப்புக் குடும்பத்தில் 2.28-ம் 8.5-ம். ஒன்பதில் 2.34-ம் ஜிசிசி 11-ம். 2025 மே மாதம் வெளிவந்த ரெட் ஹேட் 10-ல் 2.39-ம் ஜிசிசி 14-ம். கம்பைலர் 4.8-லிருந்து ஒரே தாவலில் 11-க்குப் போவது சின்ன மாற்றம் இல்லை. நடுவில் மொழிகளின் விதிகளே இறுகிவிட்டன.

ஜிலிப்சி பின்னோக்கி ஒத்துப்போகும், முன்னோக்கி ஒத்துப்போகாது. 2.17-ல் கட்டிய நிரல் 2.34-ல் ஓடும். 2.34-ல் கட்டியதை 2.17 உள்ள இயந்திரத்துக்குக் கொண்டுபோனால், "இந்தப் பதிப்பு கிடைக்கவில்லை" என்று நின்றுவிடும். தன் லேப்டாப்பில் புது உபுண்டுவில் கட்டிய நிரலைக் கிளஸ்டருக்குக் காப்பி செய்து மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் மாட்டுவது இங்கேதான். விஎஸ் கோடும் 2025 மார்ச் வெளியீட்டிலிருந்து தொலைக் கணினியில் ஜிலிப்சி 2.28-ஆவது வேண்டும் என்கிறது.

அப்படியானால் பழைய நிரல் புதுக் கிளஸ்டரில் ஓட வேண்டுமே? சாதாரண சி நிரல் பெரும்பாலும் ஓடும். ஃபோர்ட்ரான் நிரலுக்கு "எல்டிடி" போட்டு அதன் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். லிப்ஜிஃபோர்ட்ரான் வரிசையில் எண் 3-ஐத் தேடி, "நாட் ஃபவுண்ட்" என்று நிற்கும். புது இயங்குதளத்தில் இருப்பது எண் 5. சிலர் 5-க்கு 3 என்று ஒரு சிம்லிங்க் (வேறு பெயரில் ஒரு சுட்டி) போட்டு ஏமாற்றப் பார்ப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எண் மாறியிருப்பதே உள்ளமைப்பு மாறியதால்தான்.

படி 3: பழைய குப்பையை அகற்றுங்கள்

ஹோம் டைரக்டரி மாறாமல் அப்படியே இருக்கும். நுழையும்போதெல்லாம் தானாக ஓடும் பழைய பேஷ்ஆர்சி கோப்பும் அதில் அப்படியே இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். பழைய மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் மென்பொருள் அமைப்பு) பெயர்கள், லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியில் பழைய டைரக்டரிகள், எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த வரிகளின் தலையில் # போட்டு முடக்கிவிட்டு, வெளியே போய் மறுபடி நுழையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் புது நிரல் பழைய லைப்ரரியை இழுத்துக்கொள்ளும், காரணம் தெரியாமல் உங்கள் நாள் முழுக்க வீணாகும்.

பைதான் விர்ச்சுவல் என்விரான்மென்ட் வைத்திருந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். அதற்குள் இருக்கும் பைதான் உண்மையில் இயங்குதளத்தின் பைதானுக்கு ஒரு சுட்டிதான். ஒன்பதாம் பதிப்பில் இருப்பது 3.9. பைதான் 2 கிடையாது.

படி 4: மாட்யூல்களை ஏற்றுங்கள்

மாட்யூல் பர்ஜ்
மாட்யூல் அவெய்ல்

முதலாவது எல்லாவற்றையும் இறக்கிவிடும், இரண்டாவது இருப்பதைக் காட்டும். எல்மாட் என்ற மாட்யூல் மேலாளர் இருக்கும் கிளஸ்டரில் "மாட்யூல் ஸ்பைடர்" போட்டுப் பெயரைக் கொடுத்தால், அந்த லைப்ரரிக்கு முன் எந்தக் கம்பைலரை ஏற்ற வேண்டும் என்பதையும் சொல்லும். வரிசை முக்கியம்: முதலில் கம்பைலர், அப்புறம் எம்பிஐ (ஒரே நேரத்தில் ஓடும் பல பிராசஸ்கள் ஒன்றோடொன்று பேச உதவும் லைப்ரரி), அப்புறம் எஃப்எஃப்டிடபிள்யூ, ஹெச்டிஎஃப்5 மாதிரி லைப்ரரிகள். எதை ஏற்றினாலும் பதிப்பு எண்ணோடு ஏற்றுங்கள். எண் இல்லாமல் ஏற்றினால், நிர்வாகி நாளை இயல்புப் பதிப்பை மாற்றும்போது உங்கள் நிரலும் உங்களுக்குத் தெரியாமல் மாறும்.

இன்டெல் கம்பைலர் பழக்கம் உள்ளவர்களுக்கு: பழைய ஐசிசி 2024 வெளியீட்டிலும், ஐஃபோர்ட் 2025 வெளியீட்டிலும் நீக்கப்பட்டுவிட்டன. இப்போது ஐசிஎக்ஸ், ஐஎஃப்எக்ஸ்.

வேண்டிய லைப்ரரி மாட்யூலில் இல்லையென்றால் ஸ்பேக் என்ற மென்பொருள் நிறுவும் கருவியைப் பயன்படுத்துங்கள். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2013-ல் டாட் காம்ப்ளின் தொடங்கியது அது. நிர்வாகி உரிமை இல்லாமலே உங்கள் ஹோமில் நிறுவிக்கொள்ளலாம்.

படி 5: சுத்தமாகக் கட்டுங்கள்

"மேக் க்ளீன்" போதாது. அது சில ஃபோர்ட்ரான் மாட் கோப்புகளை விட்டுவைக்கும். ஜிசிசி 4.8 உருவாக்கிய மாட் கோப்பை ஜிசிசி 11 படிக்காது, "வேறு பதிப்பு உருவாக்கிய கோப்பு" என்று நிறுத்திவிடும். சிமேக் என்ற கட்டும் கருவி என்றால் பில்டு டைரக்டரியையே நீக்கிவிடுங்கள். பழைய கம்பைலரின் பாதை அதற்குள் சேமிக்கப்பட்டிருக்கும்.

சரி, இப்போது கம்பைல் செய்தால் இதுவரை பார்க்காத பிழைகள் வரலாம். பத்து வருஷமாக ஓடிய நிரல் எப்படித் தப்பாகும் என்று கோபம் வரும். ஜிசிசி 10-ல் வந்த இரண்டு மாற்றங்கள்தான் பெரும்பாலும் காரணம்.

ஒன்று, சி நிரலில். ஹெடர் கோப்பில் "இன்ட் கவுண்டர்;" என்று எழுதி அதை ஐந்து கோப்புகளில் சேர்த்திருப்பீர்கள். பழைய ஜிசிசி ஐந்தையும் ஒன்றாக்கிவிட்டது. புதியது, ஒரே பெயருக்குப் பல வரையறைகள் என்று லிங்க் செய்யும்போது நிறுத்தும். ஹெடரில் முன்னால் "எக்ஸ்டெர்ன்" சேர்த்து, ஏதாவது ஒரே ஒரு சி கோப்பில் வரையறையை வைத்தால் முடிந்தது. அவசரத்துக்கு "-எஃப்காமன்" கொடி (கம்பைலருக்குக் கொடுக்கும் விருப்பம்) உதவும்.

இன்னொன்று, ஃபோர்ட்ரானில். ஒரே கோப்பில் ஒரு இடத்தில் எம்பிஐ_சென்டுக்கு ரியல் வரிசையும், இன்னொரு இடத்தில் இன்டீஜர் வரிசையும் கொடுத்திருந்தால், வகை பொருந்தவில்லை என்று இப்போது பிழை வரும். முன்பு இது பிழையாக எண்ணப்படவில்லை. "-எஃப்அலவ்-ஆர்க்யுமென்ட்-மிஸ்மேட்ச்" என்ற கொடி இதை எச்சரிக்கையாகக் குறைக்கும். எம்பிஐ அழைப்புகளுக்கு மட்டும் இந்தப் பிழை வந்தால் கொடியைப் போட்டு நகரலாம். உங்கள் சொந்த சப்ரூட்டீன்களுக்கு வந்தால் நகராதீர்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் நிரலில் அப்படி வந்த பதினொன்றில் ஒன்று உண்மையான தவறு. இரட்டைத் துல்லிய எண் போக வேண்டிய இடத்தில் ஒற்றைத் துல்லிய எண் போய்க்கொண்டிருந்தது. கம்பைலர் மாறியிருக்காவிட்டால் அது இன்றும் உள்ளேயே இருந்திருக்கும்.

வேகத்துக்காக "-மார்ச்=நேட்டிவ்" போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது நீங்கள் கம்பைல் செய்யும் இயந்திரத்தின் பிராசசருக்கு ஏற்பக் கட்டும். நீங்கள் நுழையும் லாகின் நோடில் ஏவிஎக்ஸ்-512 என்ற பிராசசர் கட்டளைத் தொகுப்பு இருந்து, கணக்கு ஓடும் கம்ப்யூட் நோடில் இல்லையென்றால், "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்ற ஒரே வரியோடு ஜாப் சாகும். கம்ப்யூட் நோடிலேயே கம்பைல் செய்யுங்கள். இல்லையென்றால் "-மார்ச்=எக்ஸ்86-64-வி3" போடுங்கள். ஜிசிசி 11-லிருந்து இது கிடைக்கிறது. ஏவிஎக்ஸ்2 உள்ள பிராசசர்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

படி 6: நான்கே நான்கு பிராசஸில் முதல் ஓட்டம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். சில வருஷம் முன்பு இப்படி ஒரு மாற்றத்துக்குப் பிறகு, 32 பிராசஸ் கேட்டு ஒரு வெப்பக் கடத்தல் கணக்கை அனுப்பினேன். பிழை எதுவும் இல்லை. ஆறு மணி நேரம் ஓடியது. காலையில் வெளியீட்டைத் திறந்தால் முதல் வரிகள் இப்படி இருந்தன:

பிராசஸ் 0, மொத்தம் 1
பிராசஸ் 0, மொத்தம் 1
பிராசஸ் 0, மொத்தம் 1

முப்பத்திரண்டு தடவை. அதாவது முப்பத்திரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யவில்லை. ஒரே வேலையை முப்பத்திரண்டு பேரும் தனித்தனியாகச் செய்து, ஒரே கோப்பில் ஒருவர் மேல் ஒருவர் எழுதியிருந்தார்கள்.

நிரலைக் கட்டியது ஒரு எம்பிஐயில், ஓட்டியது இன்னொன்றின் எம்பிஐரன்னில் (நிரலைத் தொடங்கிவைக்கும் கட்டளை). நிரலுக்குள் இருக்கும் எம்பிஐ, தன்னைத் தொடங்கியவர் யார் என்று தேடுகிறது; தெரிந்த ஆள் யாரும் இல்லை. சரி, நான் தனி ஆள் என்று முடிவுசெய்து ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் பிழைச் செய்தியே வரவில்லை.

உங்கள் நிரலின் தொடக்கத்தில் பிராசஸ் எண்ணையும் மொத்த எண்ணிக்கையையும் அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். நான்கு பிராசஸில் ஓட்டினால் 0, 1, 2, 3 என்று வர வேண்டும், எந்த வரிசையில் வந்தாலும் சரி. எல்லாம் 0 என்றால் "விச் எம்பிஐரன்" போட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜாப்களை வரிசைப்படுத்தும் ஸ்லர்மில் எஸ்ரன் வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் "எஸ்ரன் --எம்பிஐ=லிஸ்ட்" எந்த இணைப்பு முறைகள் உண்டு என்று காட்டும். ஓப்பன் எம்பிஐ என்றால் அதில் பிஎம்ஐஎக்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கூடவே ஒன்று. ஜாபை வரிசைக்கு அனுப்பும் எஸ்பேட்ச் கட்டளை, நீங்கள் அனுப்பும் நேரத்தில் டெர்மினலில் ஏற்றியிருந்த சூழலையும் ஜாபோடு சேர்த்து அனுப்பிவிடும். அதனால் ஜாப் ஸ்கிரிப்டுக்குள் முதல் வேலையாக மாட்யூல் பர்ஜ், அதன்பின் கட்டும்போது ஏற்றிய அதே மாட்யூல்கள், அதே பதிப்பு எண்களோடு.

படி 7: விடை சரியா?

பழைய இயங்குதளத்தில் கிடைத்த ஒரு சிறிய விடையைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாற்றத்துக்கு முன்பே எடுத்து வையுங்கள். புது விடையோடு டிஃப் போட்டால் ஆயிரம் வித்தியாசம் காட்டும். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்யும் எஃப்எம்ஏ கட்டளையைப் புதுக் கொடி அனுமதித்திருக்கும். பல பிராசஸ்களின் தொகையைச் சேர்க்கும் வரிசையும் மாறியிருக்கும். கடைசி இலக்கங்கள் அதனால் நகரும். ஒப்பீட்டு வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். இரட்டைத் துல்லியத்தில், சிறிய கணக்கில், பத்துக்கு மைனஸ் பன்னிரண்டு அளவில் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். பத்துக்கு மைனஸ் ஆறு என்றால் எங்கோ ஒற்றைத் துல்லியம் புகுந்திருக்கிறதா என்று தேடுவேன்.

சோர்ஸ் கோடு இல்லாவிட்டால்

எழுதியவர் போய்விட்டார், கையில் பைனரி (கம்பைல் செய்த கோப்பு) மட்டும்தான் என்றால், கன்டெய்னர்களை (தன் லைப்ரரிகளோடு கட்டிய தனிப் பெட்டிகள்) ஓட்டும் ஆப்டெய்னர் இருக்கிறது. முன்பு சிங்குலாரிட்டி என்ற பெயரில் இருந்தது, 2021-ல் பெயர் மாறியது. சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னரை இறக்கி, அதற்குள் பழைய பைனரியை ஓட்டலாம். கெர்னல் மட்டும் கிளஸ்டருடையது. ஜிலிப்சி முதல் மற்ற லைப்ரரிகள் எல்லாம் கன்டெய்னருக்குள் இருப்பவை. பைனரி கேட்கும் லிப்ஜிஃபோர்ட்ரான் அதில் இல்லையென்றால் அதையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரே நோடில் ஓடும் நிரலுக்கு இது போதும். பல நோடு எம்பிஐ என்றால் உள்ளேயும் வெளியேயும் எம்பிஐ ஒத்துப்போக வேண்டும். அது தொடக்கநிலையில் முயல வேண்டிய வேலை அல்ல. நிர்வாகியைப் பிடியுங்கள்.

எல்லாம் ஓடிய பிறகு, படி 2-ல் போட்ட மூன்று கட்டளைகளையும், கூடவே "மாட்யூல் லிஸ்ட்" என்பதையும் ஜாப் ஸ்கிரிப்டில் நிரலை ஓட்டும் வரிக்கு மேலே சேர்த்துவிடுங்கள். அப்புறம் வரும் ஒவ்வொரு வெளியீட்டுக் கோப்பின் தலையிலும் இயங்குதளம், ஜிலிப்சி, கம்பைலர், மாட்யூல்கள் எல்லாம் பதிவாகிவிடும். இரண்டு வருஷம் கழித்து ஆய்வேட்டில் ஒரு வரைபடத்தைக் காட்டி, இது எந்த இயந்திரத்தில் எதை வைத்துக் கணக்கிட்டது என்று யாராவது கேட்டால், அந்தக் கோப்பைத் திறந்தால் போதும்.