சிந்துவெளியைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

போன வருடம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தெர்மகோலில் சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவைக் கட்டி வைத்திருந்தார்கள். நேர்க்கோட்டுத் தெரு, வாசலோரம் மூடிய சாக்கடை, மேட்டில் பெருங்குளம் என எல்லாம் பாந்தமாக இருந்தது. நடுவில் மட்டும் கோபுரம் வைத்த ஒரு கட்டடம், அதில் ‘மன்னர் அரண்மனை’ என்று சீட்டு. “இதை எங்கே பார்த்தீங்க கண்ணு?” என்று கேட்டேன். “நகரம்னா ராஜா இருந்திருப்பார்ல சார்” என்றாள் ஒரு பெண்.

நியாயமான யோசனைதான். ஆனால் நூறு வருடமாகத் தோண்டியும், இதுதான் அரண்மனை என்று அடித்துச் சொல்லும்படி ஒரு கட்டடம் அங்கே கிடைக்கவில்லை. எகிப்தில் இருப்பதுபோல அரசனுக்கென்று எழுப்பிய பெரிய கல்லறையும் இல்லை. வேறு நாகரிகத்தில் பார்த்ததைக் கொண்டுவந்து இங்கே ஒட்டிவிடுகிறோம். பெரியவர்களும், புத்தகம் போடுகிறவர்களும்கூட இதைச் செய்கிறார்கள்.

இதற்குப் பெரிய காரணம் பெயர்கள். ‘பூசாரி அரசர்’ என்கிற சிலை 17.5 சென்டிமீட்டர் உயரம், ஒரு சாண் கூட இல்லை. தாடி, நெற்றிப்பட்டை, மூவிலைப் பூவேலை செய்த மேலாடை. அவர் பூசாரி என்றோ அரசர் என்றோ எங்கும் எழுதியிருக்கவில்லை. அது தோண்டியவர்கள் வைத்த பெயர். ‘நடன மங்கை’யும் அப்படித்தான். இடுப்பில் கை வைத்து, இன்னொரு கை நிறைய வளையலோடு நிற்கிற 10.5 சென்டிமீட்டர் வெண்கலப் பெண். அவள் ஆடினாளா என்பது நமக்குத் தெரியாது, நிற்கிறாள் என்பது தெரியும். மொகஞ்சதாரோவின் ‘தானியக் களஞ்சியம்’ இன்னும் நல்ல உதாரணம். இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் காலத்தில் அதை வெந்நீர்க் குளியலிடம் என்று நினைத்தார்கள். 1950 வாக்கில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டிக் களஞ்சியம் என்றார். அங்கே ஒரு பிடி கருகிய தானியம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் எழுதும்போது ‘களஞ்சியம் எனப்படும் கட்டடம்’ என்று போடுங்கள். அந்த ‘எனப்படும்’ ரொம்ப முக்கியம்.

அடுத்தது வரைபடம். ‘சிந்து நதிக்கரையில் தோன்றிய நாகரிகம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். முதலில் தோண்டப்பட்ட ஹரப்பாவே சிந்து நதிக்கரையில் இல்லை, ராவிப் படுகையில் இருக்கிறது. அங்கிருந்து மொகஞ்சதாரோ சுமார் 600 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரம். லோத்தல் குஜராத்தில், காலிபங்கன் ராஜஸ்தானில், ராக்கிகடி ஹரியானாவில். மேற்கே மக்ரான் கடற்கரையில் சுத்காஜென் தோர், வடக்கே ஆப்கானிஸ்தானின் ஆமு தாரியா ஆற்றுப் பக்கம் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் வாங்குவதற்கென்றே அமைந்ததுபோல ஷோர்த்துகாய். இவ்வளவு பெரிய நிலத்தில் ஒரே மழை, ஒரே பயிர் இருந்திருக்குமா? சிந்து, பஞ்சாப் பகுதியில் குளிர்காலப் பயிரான கோதுமையும் பார்லியும். குஜராத் பக்கம் பருவமழையை நம்பிய சிறுதானியம். எல்லோரும் கோதுமை தின்றார்கள் என்று எழுதுவது, இந்தியா முழுக்க இட்லி சாப்பிடுகிறது என்பது மாதிரி.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். மொகஞ்சதாரோவில் 700 கிணறுகளுக்குக் குறையாமல் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறு. தோலாவிராவில் கதையே வேறு. குஜராத்தின் கட்ச் ரண் உப்புவெளிக்கு நடுவே காதிர் என்ற தீவுத்திட்டில் இருக்கிற ஊர் அது. பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்தால் மட்டும் ஓடுகிற மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகள்தான். அதில் தடுப்பணை போட்டு, மதிலை ஒட்டிப் பெரிய பெரிய நீர்த்தேக்கங்களை வெட்டி, பாறையைக் குடைந்து தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். ஏரியும் குளமுமாக வாழ்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வேலையின் அருமை உடனே புரியும். இதை ‘நதிக்கரை நாகரிகம்’ என்ற மூன்றாம் வகுப்பு வரிக்குள் அடைப்பது அந்த மக்களுக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் கக்கர்-ஹக்ரா ஆற்றுத்தடத்திலும் கவனம் வேண்டும். காலிபங்கன் உட்பட ஏராளமான ஊர்கள் அந்தத் தடத்தில் கிடைப்பதால், அங்கே இமயத்திலிருந்து பேராறு ஒன்று புரண்டு ஓடியது, அது வற்றியதும் நகரங்கள் அழிந்தன என்று எழுதுகிறார்கள். 2017 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று படிவுமணலைக் காலக்கணிப்புச் செய்து பார்த்தது. இமயத்திலிருந்து வரும் சட்லெஜ் ஆறு அந்தத் தடத்தை விட்டு விலகியது சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதாவது நகரங்கள் எழுவதற்கு வெகுகாலம் முன்னாலேயே. பெருவெள்ள பயம் இல்லாத பழைய ஆற்றுப் பள்ளத்தில், பருவமழை நீரை வைத்துத்தான் அவர்கள் ஊர் கட்டியிருக்கிறார்கள்.

காலத்தில் செய்கிற தவறு சின்னது, சீக்கிரம் சொல்லிவிடலாம். நகரங்கள் செழித்தது பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 2600 முதல் 1900 வரை. பலுசிஸ்தானின் மெஹர்கரில் பொ.ஆ.மு. 7000 வாக்கில் விவசாயம் தொடங்கியது என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அதற்காக ‘9,000 ஆண்டுப் பழமையான நகரம்’ என்று எழுதக்கூடாது, மெஹர்கர் அப்போது கிராமம்.

சரி, சமூகத்துக்கு வருவோம். அரண்மனை இல்லை என்றதும் சிலர் மறுகோடிக்குப் போய், ஏற்றத்தாழ்வே இல்லாத சமுதாயம் என்கிறார்கள். ஒற்றை அறை வீடும் உண்டு, முற்றமும் கிணறும் குளியலறையும் வைத்த பெரிய வீடும் உண்டு. இதை ஒரு பாசிமணியை வைத்தே பார்க்கலாம். சூதுபவளம் என்ற சிவந்த கல்லில் நீளமான மணிகளை அவர்கள் செய்தார்கள், சில 10 சென்டிமீட்டருக்கும் மேல். கல்லைச் சுட்டுச் சிவக்க வைத்து, தட்டி, தேய்த்து, அப்புறம் மெல்லிய கல் துரப்பணத்தால் இரு முனையிலிருந்தும் துளை போடவேண்டும். தொல்லியலாளர் கெனோயர் செய்து பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் துளை இறங்கியது இரண்டரை மில்லிமீட்டர்தான். அப்படியென்றால் 10 சென்டிமீட்டர் மணிக்குத் துளைக்கு மட்டும் 40 மணி நேரம். இந்த மணிகளைக் கோத்த இடுப்பணியை யார் போட்டிருப்பார்கள்? துளை போட்டவர் போட்டிருக்கமாட்டார். சூதுபவளம் கிடைக்காத சாதாரணக் குடும்பங்களுக்கு அதே வடிவத்தில் சுடுமண்ணில் செய்து சிவப்புச் சாயம் பூசிய மணிகளும் இருந்தன.

ஆரியர் படையெடுத்து வந்து நகரங்களை அழித்தார்கள் என்பது இன்னும் சாகாத தவறு. மொகஞ்சதாரோவில் கிடந்த முப்பத்துச் சொச்சம் எலும்புக்கூடுகளைப் பார்த்து வீலர் சொன்னது அது. அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் 1964 இல் அவற்றை மறுபடி ஆராய்ந்து காட்டினார்: அந்த எலும்புகள் ஒரே நாளில் விழுந்தவை அல்ல, படுகொலைக்கான ஆதாரம் இல்லை. பருவமழை பல தலைமுறைகளாகக் குறைந்தது, மெசொப்பொத்தேமியாவோடு (இன்றைய ஈராக் பகுதி) நடந்த வணிகம் தளர்ந்தது, மக்கள் கிழக்கே ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் பக்கமும் குஜராத் பக்கமும் சின்னச் சின்ன ஊர்களாகப் பரவினார்கள். நகரங்கள்தான் காலியாயின, மக்கள் அழிந்துவிடவில்லை.

கடைசியாக, நாம் அதிகம் சறுக்குகிற இடம். ‘சிந்துவெளி எழுத்து தமிழ்தான், நிரூபித்தாகிவிட்டது.’ எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் நிரூபிக்கப்படவில்லை. அந்த எழுத்து பொறித்த முத்திரை ஒன்று இரண்டரை சென்டிமீட்டர் சதுரம்தான் இருக்கும், நம் கல்சட்டி செய்கிற மாக்கல் வகை. அதில் சராசரியாக ஐந்தே குறிகள். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977 இல் தொகுத்த பட்டியலில் 417 குறிகள். இவ்வளவு குட்டி வாசகங்களை வைத்துக்கொண்டு எந்த வாசிப்பையும் சரிபார்ப்பது கடினம். அவரும் பின்லாந்தின் அஸ்கோ பர்ப்போலாவும் திராவிட மொழி என்பதற்குக் கனமான வாதங்களை வைத்தார்கள். அது வலுவான கருதுகோள், அப்படியே எழுதலாம். கீழடியை நேராகக் கொண்டுபோய் இதில் ஒட்டுவதும் வேண்டாம். அங்கே கிடைத்த பழைய காலக்கணிப்புகளில் ஒன்று பொ.ஆ.மு. 580. சிந்து நகரங்கள் ஓய்ந்து 1,300 ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழகத்துப் பானைக் கீறல்களுக்கும் சிந்துக் குறிகளுக்கும் ஒப்புமை காண்கிறார்கள், ஆய்வு நடக்கிறது. தமிழக அரசு 2025 இல் இந்த எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்ததே, படிக்கப்படவில்லை என்பதால்தான்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் உருளை முத்திரை இருக்கிறது. பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்கேடியக் காலத்தது. ‘ஷு-இலிஷு, மெலுஹா மொழிபெயர்ப்பாளர்’ என்று அதில் மெசொப்பொத்தேமியரின் ஆப்பெழுத்தில் பொறித்திருக்கிறது. மெலுஹா என்று மெசொப்பொத்தேமியர் சொன்னது சிந்துவெளியை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அந்த மொழியைப் பேசி, கேட்டு, மாற்றிச் சொல்லிப் பிழைத்த ஒருவர் இருந்திருக்கிறார். அவர் கையால் இரண்டு எழுத்திலும் எழுதிய களிமண் பலகை ஒன்று ஈராக் மண்ணுக்கடியில் கிடக்கக்கூடாதா என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.